மேசைக்கடியில் ஒரு பெட்டி: மதுரை வட்டார அலுவலகக் கணினிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் அலுவலகக் கணினிகளையும் வலையமைப்பையும் கவனித்துவரும் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரையிலும், கே.புதூரிலிருந்து கப்பலூர் தொழிற்பேட்டை வரையிலும் உங்களில் பலருடைய சர்வர் அறைகளுக்குள் ஏணியோடும் கிரிம்பிங் கருவியோடும் நுழைந்து வந்தவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். பேசப்போகும் பொருள் ஒன்றுதான். உங்கள் அலுவலகத்து உலாவிகள் எந்தப் பிராக்ஸி (அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைநிலைச் சர்வர்) வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்பதை அவற்றுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாட்டைப் பற்றியது அது. நான் பார்த்த அலுவலகங்களில் பாதியில் இந்த ஏற்பாடு கிடையாது. பிராக்ஸி முகவரியை ஒவ்வொரு கணினியிலும் கையால் தட்டிவைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதை யார் செய்தார்கள், எந்தப் பெட்டியில் வைத்தார்கள் என்பது இப்போது பணியில் இருக்கும் எவருக்கும் தெரியாது. முதல் வகையினரை மாறச் சொல்லியும், இரண்டாம் வகையினரைத் தேடச் சொல்லியும் கேட்டுக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.

இரண்டாம் வகையில் நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனம், எந்தக் கிளை என்பது இங்கே தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று காலை பத்தேகாலுக்கு அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எந்தக் கணினியிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் பிழைச் செய்தி வருகிறது என்றார்கள். பைபாஸ் சாலையைத் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஆகியிருந்தது. முன்கூடத்தில் ஐம்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். இணைய இணைப்பு சரியாக இருந்தது. பிராக்ஸி சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளும் வெளியும் போகும் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வாலில் எந்த மாற்றமும் நடந்திருக்கவில்லை. இவை எல்லாவற்றையும் விட என்னைக் குழப்பியது, காசாளர் அறையில் இருந்த இரண்டு கணினிகள் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன என்பதுதான்.

அந்த இரண்டில்தான் விடையும் இருந்தது. அவற்றில் பிராக்ஸி முகவரியை யாரோ ஒரு காலத்தில் கையால் தட்டி வைத்திருந்தார்கள். மற்ற முப்பத்தெட்டிலும் 'அமைப்புகளைத் தானாகக் கண்டறி' என்ற தெரிவு மட்டுமே இயக்கப்பட்டிருந்தது. அப்படிக் கண்டறிவதற்காக உலாவி தேடும் பெயர் டபிள்யூபேட் (wpad) என்பதால், பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அந்தப் பெயருக்கு என்ன விடை சொல்கிறது என்று பார்த்தேன். 192.168.1.9 என்று வந்தது. அந்த முகவரியைக் கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்பது என்பது எந்தக் கணினி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. சொத்துப் பதிவேட்டிலும் இல்லை. சுவிட்சில் விளக்கு எரியாத துளைகளில் செருகியிருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனபோது, ஒன்று தபால் பிரிவு மேசையின் அடியில் போய் முடிந்தது. அங்கே மானிட்டரும் கீபோர்டும் இல்லாத பழைய சிபியு பெட்டி ஒன்று, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தரித்து, பக்கத்தில் நாலு பொரியோடு, அணைந்து கிடந்தது. விடுமுறைக்கு முந்தின மாலை பூஜைக்காக எல்லாக் கணினிகளையும் அணைத்துத் துடைத்தபோது அதையும் அணைத்திருக்கிறார்கள். மற்றவற்றை அவரவர் வந்து போட்டுக்கொண்டார்கள். இதற்கு முன்னால் உட்காருபவர் யாரும் இல்லாததால் இதைப் போட ஆளில்லை. "சார், இது ஓடாத பெட்டின்னுல்ல நெனச்சேன்" என்றார் துடைத்த ஊழியர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. 'அணைக்காதீர்கள்' என்று எழுதிய காகிதம் ஒன்று செல்லோடேப் காய்ந்து மேசைக்கடியிலேயே விழுந்து கிடந்ததைப் பிறகு பார்த்தோம்.

பொத்தானை அழுத்தி மூன்று நிமிடத்தில் அலுவலகம் முழுவதும் உயிர் பெற்றது. உலாவிகள் ஒவ்வொன்றும் அந்தப் பெட்டியிடம் ஒரு சிறு கோப்பைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், பிராக்ஸி இல்லாமலே நேரே வெளியே போக முயன்று, ஃபயர்வாலில் முட்டிக்கொண்டு நின்றதுதான் அதுவரை நடந்தது. நாற்பது வரிகூட இல்லாத அந்தக் கோப்பை எழுதிவைத்த நண்பர் வேறு வேலை கிடைத்துப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைக் கேட்டவுடன், 'அதற்குத்தான் கையால் தட்டிவைப்பதே மேல்' என்று முதல் வகையினர் சொல்லக்கூடும். காசாளர் அறை அன்று அவர்களுக்குச் சாட்சி சொன்னதும் உண்மை. ஆனால் அதே கிளையில் பிராக்ஸி சர்வரின் முகவரி மாறினால் அந்த இரண்டு கணினிகள்தான் நிற்கும். ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது கணினிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவும் ஒவ்வொருவரையும் நாற்காலியிலிருந்து எழுப்பி. லேப்டாப் வைத்திருக்கும் அலுவலர்களின் பாடு இன்னும் மோசம். தலைமை அலுவலகத்தில் ஒரு முகவரி, மேலூர்க் கிளையில் வேறொரு முகவரி, வீட்டில் எதுவும் வேண்டாம். வீட்டில் இரவு டிக் குறியை எடுத்துவிட்டு, காலையில் அலுவலகத்தில் அதைப் போட மறந்துவிட்டு, 'நெட் வரவில்லை' என்று எனக்கு அழைத்தவர்களின் எண்ணிக்கையை நான் குறித்து வைத்ததில்லை; வைத்திருந்தால் ஒரு நோட்டு முடிந்திருக்கும்.

தானியங்கி ஏற்பாடு செய்யும் வேலை மிக எளியது. மதுரைக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் போவது என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலி என்றால் மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்றால் ஆரப்பாளையம். ஊருக்குள்ளேயே என்றால் பெரியார் நிலையம். ஊர்ப் பெயரைக் கேட்டு நிலையத்தின் பெயரைச் சொல்வதோடு சொல்பவரின் வேலை முடிந்தது. பேருந்தை ஓட்டுவதோ பயணச்சீட்டுக் கொடுப்பதோ அவர் வேலையில்லை. பேக் கோப்பு என்று சொல்லப்படும் பிராக்ஸி தானமைவுக் கோப்பும் இதைத்தான் செய்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1996-இல் தன் நேவிகேட்டர் 2 உலாவியோடு இதைக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய 'ஃபைண்ட் பிராக்ஸி ஃபார் யுஆர்எல்' என்ற ஒரே ஒரு செயல்கூறு. உலாவி ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு முன் அந்த முகவரியையும் தளத்தின் பெயரையும் அதற்குக் கொடுக்கிறது. 'டைரக்ட்', அதாவது நேரே போ என்றோ, 'இந்தப் பிராக்ஸி, அதில் இந்தப் போர்ட் (வாசல் எண்)' என்றோ அது ஒரு சொற்றொடரைத் திருப்பித் தருகிறது. அரைப்புள்ளி இட்டு ஒன்றுக்கு மேற்பட்ட பிராக்ஸிகளையும் வரிசையாகச் சொல்லலாம். முதலாவது பதில் சொல்லாவிட்டால் உலாவி இரண்டாவதிடம் போகும். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாமே இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்கின்றன.

கோப்பில் எதை எந்த வரிசையில் எழுதுவது என்பதில் எனக்குச் சில திட்டமான கருத்துகள் உண்டு. பெயரில் புள்ளியே இல்லாத தளங்கள், அதாவது அலுவலகத்துக்குள்ளேயே 'கணக்கு', 'அச்சு' என்று சுருக்கமாகக் கூப்பிடும் சர்வர்கள், நேரே போகட்டும் என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். அடுத்து, உங்கள் சொந்த டொமைனில், அதாவது அலுவலகத்துக்கென்று உள்ள வலைப்பெயரில், முடியும் பெயர்கள். மூன்றாவதாக, பலரும் மறந்துபோகிற ஒன்று: அந்தந்தக் கணினியே தனக்குள் நடத்தும் சேவை, அதாவது 127.0.0.1 என்ற முகவரி. இப்போது கணக்குப் பிரிவு, ஒப்பந்தப்புள்ளிப் பிரிவு எல்லாவற்றிலும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன் செருகப்பட்டிருக்கிறது. அந்தக் கையொப்ப மென்பொருள்களில் பல, உலாவியோடு பேசுவது இந்த முகவரி வழியாகத்தான். அதைப் பிராக்ஸியிடம் அனுப்பினால், பிராக்ஸி தன்னுள்ளே அந்தச் சேவையைத் தேடிவிட்டு, இல்லை என்று கையை விரித்துவிடும். கடைசி நாளில் கணக்குத் தாக்கல் செய்யும்போது 'டோக்கன் தெரியவில்லை' என்று டோக்கனையே மாற்றிக்கொண்டுவந்த அலுவலகங்களை நான் அறிவேன். குற்றம் டோக்கனில் இல்லை. இவை மூன்றும் முடிந்த பிறகு மற்ற எல்லாவற்றையும் பிராக்ஸிக்கு அனுப்பும் ஒரே வரி போதும். ஸ்க்விட் என்ற பிராக்ஸி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அது வழக்கமாக 3128 என்ற போர்ட்டாக இருக்கும்.

அந்தக் கடைசி வரியின் இறுதியில் 'இதுவும் கிடைக்காவிட்டால் நேரே போ' என்று சேர்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் ஃபயர்வால் நேரடிப் போக்குவரத்தைத் தடுத்தால் அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை, பயனரின் காத்திருப்பு மட்டும் நீளும். தடுக்காவிட்டாலோ, பிராக்ஸி விழுந்தது யாருக்கும் தெரியாமலே எல்லோரும் வெளியே போய்வந்துகொண்டிருப்பார்கள். ஒரு மாதம் கழித்துப் பதிவேட்டைப் பார்க்கும்போதுதான் அது காலியாக இருப்பது தெரியவரும். இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பேக் கோப்பு ஒரு வழிகாட்டிப் பலகையே தவிர காவல் சாவடி அல்ல. பணியாளர் எவரும் தன் உலாவியில் அதை நீக்கிக்கொள்ள முடியும். கட்டாயப்படுத்துகிற வேலை ஃபயர்வாலுடையது.

வேகம் பற்றிய ஒரு குறிப்பு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில் 'ஈஸ் இன் நெட்' என்ற துணைச்செயல் முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு தளம் குறிப்பிட்ட ஐபி எல்லைக்குள் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. பார்ப்பதற்கு முன் அந்தப் பெயரை ஐபி எண்ணாக மாற்ற டிஎன்எஸ்-இடம் போய் வர வேண்டும். வழி கேட்டவரை நிறுத்திவைத்துவிட்டு, சொல்லப்போகிறவர் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதைப் போன்றது அது. இன்றைய செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் பல பத்துப் பெயர்களிலிருந்து துண்டு துண்டாகப் பொருள்கள் வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் இந்தப் பயணம் நடந்தால் உலாவி திணறத்தான் செய்யும். வெளிப் பெயர்களுக்கு உள் டிஎன்எஸ் விடையே சொல்லாதபடி அமைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தத் திணறல் பல மடங்காகும். பெயரை வைத்து முடிவெடுக்க முடிகிற இடத்தில் பெயரை வைத்தே முடிவெடுங்கள். கிளைக்குக் கிளை வேறு பிராக்ஸி என்று பிரிப்பதற்கு 'மை ஐபி அட்ரஸ்' என்ற துணைச்செயலை நம்புவதும் ஆபத்து: விபிஎன்னோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோ சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் அது எந்த முகவரியைச் சொல்லும் என்பது நிச்சயமில்லை, சில லினக்ஸ் கணினிகளில் 127.0.1.1 என்றுகூடச் சொல்லி வைக்கும். கிளைக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியே வைத்துவிடுவது அதைவிட நிம்மதி.

எழுதுவதில் வரும் கோளாறுகளும் சிறியவை அல்ல. கோப்பில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டால், அந்த வரி மட்டும் அல்ல, கோப்பு முழுவதுமே செல்லாததாகிவிடும். ஒரு முறை, வாட்ஸ்அப்பில் வந்த வேர்ட் கோப்பிலிருந்து வரிகளை வெட்டி ஒட்டியவருக்கு, கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தும் ஒன்றும் வேலை செய்யவில்லை. உருப்பெருக்கிப் பார்த்தபோதுதான், நேரான மேற்கோள்குறிகளை வேர்ட் அழகுக்காக வளைத்துவைத்திருந்தது தெரிந்தது. இன்னொரு இடத்தில் நோட்பேடில் சேமித்த கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டு, விண்டோஸ் அந்த நீட்சியை மறைத்தும் விட்டதால், அரை நாள் வீணானது. மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் என்ற வலைச் சர்வரில் வைப்பவர்கள், அது தனக்குத் தெரியாத நீட்சியுள்ள கோப்பை யார் கேட்டாலும் தராது என்பதை நினைவில் வைத்து, 'அப்ளிகேஷன்/எக்ஸ்-என்எஸ்-பிராக்ஸி-ஆட்டோகான்ஃபிக்' என்ற மைம் வகையோடு (கோப்பு எந்த இனம் என்று சொல்லும் குறி) பேக் நீட்சியைப் பதிவுசெய்துவிட வேண்டும். பேக்பார்சர் என்ற திறமூல மென்பொருளில், கோப்பையும் ஒரு முகவரியையும் கொடுத்தால் என்ன விடை வரும் என்று சோதித்துச் சொல்லும் கருவி இருக்கிறது. அலுவலகம் முழுவதற்கும் விடுவதற்கு முன் பத்து முகவரிகளையாவது அதில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கோப்பு தயார், அது எங்கே இருக்கிறது என்பதை உலாவிக்கு எப்படித் தெரிவிப்பது? இரண்டு வழிகள் உண்டு. கோப்பின் முழு முகவரியை நீங்களே சொல்லிவிடுவது ஒன்று. சொல்லாமல், உலாவியையே தேடிக்கொள்ள விடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதற்குத்தான் டபிள்யூபேட் என்று பெயர். 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-உடன் பரவலான இந்த முறை, வரைவறிக்கை நிலையைத் தாண்டி முறையான இணையத் தரமாக ஒருபோதும் ஆகவில்லை. கணினி முதலில், தனக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி-இடம் 252 என்ற எண்ணுள்ள ஆப்ஷனைக் கேட்கும். அதில் விடை இல்லாவிட்டால் தன் டொமைனின் முன்னால் டபிள்யூபேட் என்ற பெயரைச் சேர்த்து டிஎன்எஸ்-இல் தேடி, கிடைக்கும் சர்வரிடம் அதே பெயருள்ள 'டாட் டேட்' கோப்பைச் சாதாரண ஹெச்டிடிபி-யில் கேட்டு வாங்கிக்கொள்ளும். டிஎன்எஸ்-இலும் இல்லாவிட்டால், பழைய விண்டோஸ் கணினிகள் அதோடு நிற்பதில்லை. 'இங்கே டபிள்யூபேட் யாரப்பா?' என்று அறை முழுவதும் கேட்கும்படி கூவும்.

நள்ளிரவில் மதுரைச் சந்திப்பில் இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், வெளியே வந்து 'எனக்கு வழி சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கூவினால் யார் வேண்டுமானாலும் வந்து பையை வாங்கிக்கொள்ளலாம். இங்கேயும் அப்படியே. பக்கத்து அறையில் இருக்கும் லேப்டாப், விருந்தினருக்காகத் திறந்துவிட்ட வைஃபை வழியே உள்ளே வந்த கைப்பேசி, வைரஸ் பிடித்த ஒரு கணினி, இவற்றில் எதுவும் 'நான்தான் டபிள்யூபேட்' என்று பதில் சொல்லலாம். சொல்லிவிட்டால் அதன் பிறகு உங்கள் பணியாளரின் இணையப் போக்குவரத்து முழுவதும் அது காட்டுகிற பிராக்ஸி வழியே போகும்.

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. தேடல் அலுவலகத்தின் எல்லையைத் தாண்டி வெளி டொமைன்களுக்குப் போய்விடும் குறைக்கு மைக்ரோசாஃப்ட் 1999 டிசம்பரிலேயே திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஒரு கணினிக்கு டபிள்யூபேட் என்று பெயர் வைத்து அது தன்னைத் தானே டிஎன்எஸ்-இல் பதிந்துகொள்ள முடிந்த ஓட்டையை அடைக்க 2009 மார்ச்சில் இன்னொரு திருத்தம் வந்தது. உள்ளே மட்டும் புழங்குவதற்காக அலுவலகங்கள் தாமாகவே வைத்துக்கொண்ட டொமைன் பெயர்கள் வெளியுலகில் உண்மையான டொமைன்களாகிவிட்டதால், வீட்டுக்குப் போன லேப்டாப் அங்கிருந்து தேடும்போது யாரோ ஒருவருடைய சர்வரை அடையலாம் என்று 2016 மே மாதம் அமெரிக்கக் கணினி அவசரநிலைக் குழு எச்சரித்தது. பேக் கோப்புக்கு ஹெச்டிடிபிஎஸ் முகவரியின் முழு நீளமும் போய்ச் சேர்வதால் இரகசியச் சொற்கள் கசியக்கூடும் என்று அதே ஆண்டு பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கினார்கள். இந்தக் குறை தெரிவிக்கப்பட்டபின் குரோம் போன்ற உலாவிகள் தளத்தின் பெயரை மட்டுமே கோப்புக்குத் தரும்படி மாறின. 2017 டிசம்பரில் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு, தீய நோக்கத்தோடு எழுதிய ஒரு பேக் கோப்பைக் கொண்டே, அதே வலையமைப்பில் இருக்கும் விண்டோஸ் 10 கணினியைக் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டியது. அதாவது, பயனர் எதையும் சொடுக்கக்கூடத் தேவையில்லை.

எனவே உங்களிடம் நான் கேட்பது இது: தேடலை நம்பாதீர்கள், முகவரியை நீங்களே சொல்லுங்கள். எல்லா விண்டோஸ் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு மாலைப் பொழுது வேலை. அதன் குரூப் பாலிசி வழியாக எட்ஜுக்கும் குரோமுக்கும் பேக் கோப்பின் முழு முகவரியைக் கொடுத்துவிடலாம். அதை ஹெச்டிடிபிஎஸ் முகவரியாகவே கொடுத்தால் நடுவில் எவரும் கோப்பை மாற்ற முடியாது. கொடுத்த கையோடு 'தானாகக் கண்டறி' என்ற தெரிவை நிறுத்தியும் விட வேண்டும். இரண்டும் ஒருசேர இருந்தால் விண்டோஸ் தேடலைத்தான் முதலில் செய்யும். முகவரியைப் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கும் பல அலுவலகங்களில் தேடல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். விண்டோஸ் 10-இலும் 11-இலும் அது இயல்பாகவே இயக்கப்பட்ட நிலையில் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொள்ளும் உலாவி. 'கணினியின் அமைப்பையே பயன்படுத்து' என்று விடுங்கள், அல்லது அதற்குரிய பாலிசிக் கோப்பில் தனியாகச் சொல்லுங்கள். பாஸ் லினக்ஸ், உபுண்டு போன்றவை போட்ட கணினிகளில் வலையமைப்பு அமைப்புப் பக்கத்திலேயே இதற்கான இடம் இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி எதுவும் இல்லாத பத்துக் கணினி அலுவலகத்தில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து முகவரியைப் போடத்தான் வேண்டும். அது கைவேலைதானே என்று கேட்டால், ஆம். ஆனால் பிராக்ஸி நாளைக்கு மாறினாலும் கோப்பின் முகவரி மாறப்போவதில்லை என்பதால் இரண்டாம் தடவை உட்கார வேண்டியிருக்காது. வீட்டுக்குப் போன லேப்டாப்புக்கு அந்தக் கோப்பு எட்டாது; எட்டாதபோது உலாவி நேரே போய்விடும் என்பது இங்கே நமக்கு வசதியாகிறது.

டபிள்யூபேடைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்பவர்களும் அந்தப் பெயரைச் சொந்தமாக்கிக்கொள்வது அவசியம். உங்கள் உள் டிஎன்எஸ்-இல் அந்தப் பெயரை நீங்களே பிடித்துவைத்து, 'நேரே போ' என்று மட்டும் சொல்லும் கோப்பையோ உங்கள் உண்மையான கோப்பையோ அங்கே வையுங்கள். டிஹெச்சிபி-யில் 252-க்கு உங்கள் கோப்பின் முகவரியையோ வெறுமையான மதிப்பையோ கொடுங்கள். கேட்ட கணினி அந்த விடையோடு நின்றுகொள்ளும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து அதன் டிஎன்எஸ் ஒரு தடைப் பட்டியலோடு வருகிறது. அதில் டபிள்யூபேட் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் பதிவு போட்டால் போட்டதாகத் திரையில் தெரியும், ஆனால் கேட்பவருக்கு விடை போகாது. திருமங்கலம் பக்கம் ஒரு நண்பர் இரண்டு நாள் கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். கோளாறு அந்தப் பட்டியலில்தான் இருந்தது. டிஎன்எஸ்-இல் அந்தப் பெயருக்குப் பதிவு போடப் போகிறீர்கள் என்றால் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பதிவு போடாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும், நல்லது.

உலாவி அல்லாதவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பின்னணியில் ஓடும் பல சேவைகள் உலாவியின் அமைப்பைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு, விண்டோஸில் இத்தகைய சேவைகள் பார்க்கும் வின்ஹெச்டிடிபி அமைப்பைத் தனியே செய்ய வேண்டும். கோப்பை மாற்றிய பிறகும் உலாவி பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் அதை மூடித் திறப்பதே சுலபம். விழுந்து எழுந்த பிராக்ஸியை ஃபயர்ஃபாக்ஸ் முப்பது நிமிடம் வரை திரும்பிப் பார்க்காமல் இருக்கும் என்பதும் தெரிந்திருந்தால் தேவையில்லாத அழைப்புகள் குறையும்.

இவை எல்லாம் தொழில்நுட்பம், படித்தால் வந்துவிடும். அந்தக் கிளையில் முப்பத்தெட்டுக் கணினிகளை நிறுத்தியது தொழில்நுட்பக் குறை அல்ல, கோப்புக்குக் காப்பாளர் இல்லாத குறை. ஆகவே கோப்பின் முதல் வரியிலேயே, ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும் இரட்டைச் சாய்கோடு போட்டு, எந்தப் பதவியில் இருப்பவர் இதற்குப் பொறுப்பு, கடைசியாக எந்தத் தேதியில் எதற்காக மாற்றினார் என்று எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், ஆள் மாறுவார். கோப்பை ஒரு பெட்டியில் மட்டும் வைக்காமல், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு சர்வர்களில் வைத்து, ஒரே பெயரின் கீழ் இரண்டையும் கொண்டுவாருங்கள். வேறு எதுவும் முடியாவிட்டால் பிராக்ஸி சர்வரிலேயே வையுங்கள். அது விழுந்தால் எப்படியும் எல்லாம் நிற்கப்போகிறது, குறைந்தது தேட வேண்டிய இடம் ஒன்றாகிவிடும். சொத்துப் பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு ஒரு வரி இருக்கட்டும்.

இம்மடலைப் படித்த மறுநாள் காலையில் ஒரே ஒரு காரியத்தைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, 'என்எஸ்லுக்அப்' (nslookup) என்று அடித்து, இடைவெளி விட்டு டபிள்யூபேடின் நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் அடியுங்கள். விடையே இல்லை என்று வந்தால், மேலே சொன்னபடி அந்தப் பெயரைப் பிடித்துவையுங்கள். உங்களுக்குத் தெரிந்த சர்வரின் எண் வந்தால் மகிழ்ச்சி. தெரியாத எண் ஏதேனும் வந்தால், அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போய் அது எந்த மேசைக்கடியில் முடிகிறது என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அது உங்கள் அலுவலகத்தில் இல்லாத எண்ணாக இருந்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

நவராத்திரி தொடங்குவதற்குள், பூஜைக்காகக் கணினிகளைத் துடைப்பவர்களிடம் எவற்றை அணைக்கலாம், எவற்றை அணைக்கக் கூடாது என்ற பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். அணைக்கக் கூடாதவற்றுக்கும் சந்தனம் வைக்கலாம், காற்றுத் துளையை அடைக்காமல் இருந்தால் போதும். எச்சரிக்கைக் காகிதம் ஒட்டுவதாக இருந்தால் செல்லோடேப் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு சித்திரைக்குக்கூடத் தாங்குவதில்லை.

இப்படிக்கு,
அலுவலக வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் உள்ள ஒருவன்,
மதுரை.